குடிநீரைக் காக்கும் ஒளியும் மின்சாரக் கணக்கும்

திருப்பூர் வட்டாரத்து நெசவாளர் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் பார்வையிடும்போது, ஒரே பொருளைப் பற்றிய தீர்மானம் இப்பொழுது பல இடங்களில் நம் கண்ணில் படுகிறது. பொது நல நிதியிலிருந்து சங்கக் கட்டிடத்தில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று நிறுவ வேண்டும் என்பதே அது. நோக்கம் மிக நல்லது. நாள் முழுதும் தறியில் அமர்ந்திருப்பவருக்கும், சங்கத்துக்கு நூல் வாங்க வருபவருக்கும், அவர்கள் குழந்தைகளுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கச் செய்வதினும் மேலான பொதுநலம் வேறு இராது. எனினும், எந்த நீருக்கு எந்த இயந்திரம், எவ்வளவு மின்சாரச் செலவில் என்னும் வினாக்களுக்கு அத்தீர்மானங்களில் விடை காண்பது அரிதாக இருக்கிறது.

ஒரு சங்கத்தில், புற ஊதாக் கதிர் விளக்குப் பொருத்திய இயந்திரத்தை வாங்கி, அதனை ஆழ்குழாய்க் கிணற்று நீரோடு இணைத்திருந்தார்கள். உப்பு நீர் உள்ளே சென்றது. உப்பு நீரே வெளியே வந்தது. சில மாதங்களில் இயந்திரத்தின் மீது துணி போர்த்தப்பட்டது. இன்று அது சொத்துப் பதிவேட்டில் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும் ஒரு வரியாக மட்டும் நிற்கிறது. இயந்திரத்தின் மீது பிழையில்லை. பொருத்தம் பார்க்காமல் நடந்த கல்யாணம் அது. இத்தகைய நஷ்டம் மற்றச் சங்கங்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்தினால், புற ஊதாக் கதிரினால் குடிநீரைத் தூய்மை செய்யும் முறையையும், அதனால் மிஞ்சும் விறகையும் மின்சாரத்தையும் பற்றி இங்கே விளக்க முற்படுகிறோம்.

ஒளி கிருமியை வெல்லும் விதம்

வானவில்லில் ஊதா நிறத்தோடு நம் கண்ணின் ஆற்றல் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலும் ஒளி உண்டு. அதுவே புற ஊதாக் கதிர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டரில் முடிகிறது. கிருமிகளை வெல்லப் பயன்படும் ஒளியோ 254 நானோமீட்டர் அலைநீளம் உடையது. குறைந்த அழுத்தத்தில் பாதரச ஆவி நிரப்பிய விளக்கில் மின்சாரம் பாயும்போது இந்த ஒளி பிறக்கிறது. சாதாரணக் கண்ணாடி இதனைத் தடுத்துவிடும். ஆதலின் விளக்கின் குழாயைக் குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லினால் செய்கிறார்கள். விளக்குக்குச் செலவாகும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒளியாகவே வெளிப்படுகிறது.

ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் அதன் சந்ததியைப் பெருக்குவதற்கான விவரம் முழுவதும் நுண்ணிய இழையொன்றில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒளி பட்டவுடன் அந்த இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரு கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பாவில் அடுத்தடுத்த இரண்டு இழைகள் கஞ்சியினால் ஒட்டிக்கொண்டால் தறி நின்றுவிடுவதை நெசவாளர்கள் நன்கு அறிவார்கள். அதுபோலவே, கண்ணிகள் ஒட்டிக்கொண்ட கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ள இயலாமற் போகிறது. பெருகாத கிருமி நோயை உண்டாக்காது. ஆகவே இவ்வொளி கிருமியைக் கொல்கிறது என்பதைவிட மலடாக்குகிறது என்பது பொருத்தம்.

இதற்கு வேண்டிய ஒளியின் அளவு, ஒளியின் வலிமையையும் நீர் அதன் முன் நிற்கும் நேரத்தையும் பெருக்கி வருவது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பல நாடுகளில் குடிநீருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களை அடக்க இது போதும். சில வகை வைரசுகளுக்கு மட்டும் இதனினும் அதிகம் வேண்டும். எந்த மருந்தும் நீரில் கலப்பதில்லை. சுவையும் மணமும் மாறுவதில்லை. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு நூற்றாண்டு வரலாறு

சூரிய ஒளி நுண்ணுயிர்களை அழிக்கிறது என்பதை 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினார்கள். 1901-இல் பாதரச விளக்கும், சில ஆண்டுகளுக்குப் பின் குவார்ட்ஸ் குழாயும் கிடைத்தன. 1910-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மார்செய்ல் நகரத்தில் குடிநீரை இவ்வொளியினால் தூய்மை செய்து பார்த்தார்கள். ஆயினும் அக்காலத்து விளக்குகள் விலை மிகுந்தவை. அடிக்கடி பழுதாகக் கூடியவை. 1908-இல் அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துக் குடிநீருக்குக் குளோரின் சேர்க்கப்பட்டது. குளோரின் மலிவாக இருந்ததனால் உலகம் அவ்வழியே சென்றது. 1955-ஆம் ஆண்டை ஒட்டி சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஒளி முறை மீண்டும் தலையெடுத்தது.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் மக்கள் குடிநீரினால் வயிற்றுப்போக்குக்கு ஆளானார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரே காரணம். அது தடித்த கூட்டினுள் ஒளிந்திருப்பதனால் குளோரினுக்கு அஞ்சுவதில்லை. சிறிய அளவு புற ஊதாக் கதிரே அதனை அடக்கிவிடும் என்பது 1998-இல் தெரியவந்தது. பெரிய நகரங்கள் இம்முறையை நாடுவதற்கு இதுவே தலையாய காரணம். நியூயார்க் நகரம் 2013-இல் நிறுவிய ஒளி நிலையம் ஒரு நாளைக்கு இருநூறு கோடி காலனுக்கும் மேற்பட்ட நீரைத் தூய்மை செய்யும் ஆற்றல் வாய்ந்தது. ஆனால் அங்கும் குளோரின் சேர்ப்பதை நிறுத்திவிடவில்லை. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

சென்னையில் கண்ட காலராவும் ஒரு சிறு விளக்கும்

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கும் உண்டு. 1992-ஆம் ஆண்டின் இறுதியில் அதுவரை அறியப்படாத ஒரு புதிய வகைக் காலராக் கிருமி சென்னையில் கண்டறியப்பட்டது. அது வெகு விரைவில் வங்காளத்துக்கும் பங்களாதேசத்துக்கும் பரவிப் பெருஞ் சேதம் விளைவித்தது. பம்பாயில் பிறந்து, அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய அசோக் காட்கில் என்னும் விஞ்ஞானியை இச்செய்தி உலுக்கியது. ஏழைக் கிராமங்கள் தாங்கக்கூடிய செலவில் நீரைக் கிருமியற்றதாக்கும் கருவி ஒன்றை அமைப்பதில் அவர் முனைந்தார்.

அவர் அமைத்த கருவியில் விளக்கு நீரில் மூழ்குவதில்லை. அகன்ற தட்டில் மெல்லிய படலமாக நீர் தானே வழிந்தோட, விளக்கு மேலே தொங்கிக்கொண்டு ஒளி வீசுகிறது. ஆகவே விளக்கின் மேல் சுண்ணாம்பு படிவதில்லை. நீரை அழுத்தித் தள்ள பம்பும் வேண்டுவதில்லை. 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் நீர் தூய்மை பெறுகிறது. பிற்காலத்தில் ஆந்திரக் கிராமங்களில் இந்த முறையில் அமைந்த குடிநீர் நிலையங்கள் நிறுவப்பட்டன.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் மணிக்கு 900 லிட்டர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் விளக்கு எரிந்தால் 7,200 லிட்டர். தலைக்குப் பத்து லிட்டர் வீதம் 720 பேருக்கு அது போதும். செலவாகும் மின்சாரம் 0.48 யூனிட். ஏறக்குறைய நூற்றைம்பது குடும்பங்கள் உள்ள ஒரு நெசவாளர் காலனியின் குடிநீருக்கு நாளொன்றுக்கு அரை யூனிட் மின்சாரமும் ஆகாது!

விறகுக் கணக்கு

இதே 7,200 லிட்டர் நீரைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும்? 25 டிகிரி வெப்பமுள்ள 1,000 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 87 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் நான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் உண்டாகிறது. ஆனால் மூன்று கல் அடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொண்டால், 1,000 லிட்டருக்கு 140 கிலோ விறகு ஆகிறது. 7,200 லிட்டருக்கு ஒரு டன் விறகு. எரிவாயு அடுப்பானால் நூற்றுக்கு அறுபது பங்கு வெப்பம் பயன்படும்; அப்படியும் நாளொன்றுக்கு ஆறு சிலிண்டர் வேண்டியிருக்கும்.

ஒரு குடும்பத்தின் அளவில் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் குடிநீரை விறகடுப்பில் கொதிக்க வைக்கும் வீட்டில் இரண்டு கிலோவுக்கு மேல் விறகு செலவாகிறது. ஓராண்டில் அது முக்கால் டன். அதே பதினைந்து லிட்டரை ஓராண்டு முழுவதும் சங்கத்தின் பொது இயந்திரத்தில் ஒளி காட்டி எடுத்தால் அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே அக்குடும்பத்தின் பங்குக்கு ஆகும்.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விறகு மிச்சமாவது, இப்பொழுது நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வீடுகளில்தான். கொதிக்க வைக்காமலே குடிக்கும் வீடுகளில் மிச்சமாவது விறகன்று. வைத்தியச் செலவும், நோயினால் தறி நிற்கும் நாட்களும், குழந்தைகளின் உயிருமே. அவற்றை எந்தப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

இயந்திரம் வைக்க வசதியில்லாத வீடுகளுக்கும் சிக்கன வழிகள் உண்டு. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியவுடனே அடுப்பை அணைத்துவிடலாம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று மேலும் கொதிக்க விடுவது விறகுக்குக் கேடு. தெளிந்த நீரை, இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பி, கூரையின் மேல் நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினாலும் கிருமிகள் அடங்கும். மேகம் மூடிய நாட்களானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். லெபனானின் பெய்ரூட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் தொடங்கி, சுவிட்சர்லாந்து நாட்டார் 1991 முதல் பரிசோதித்துப் பரப்பிய முறை இது. தோட்டங்காடுகளில் வேலை செய்யும் விவசாயிகளுக்கு இது மிகவும் ஏற்றது. கொங்கு நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

மின்சாரம் உண்மையில் எங்கே செலவாகிறது?

கோயமுத்தூருக்கு வரும் சிறுவாணி நீர் மலையிலிருந்து தன் எடையினாலேயே இறங்கி வருகிறது. திருப்பூருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பின்னலாடைத் தொழிலும் நகரமும் பெருகியபோது, 1995-இல் தோன்றிய புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகத்தின் மூலம், நாளொன்றுக்கு 18½ கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டம் தீட்டப்பட்டு 2005-06-இல் செயலுக்கு வந்தது. பவானி ஆறு காவிரியோடு கூடும் பகுதிக்கு அருகிலிருந்து, சுமார் 55 கிலோமீட்டர் தூரம் குழாயில் நீர் வருகிறது. அப்பகுதியைவிடத் திருப்பூர் சுமார் நூறு மீட்டர் மேட்டில் இருக்கிறது.

உயரத்தையும், நெடுந்தூரக் குழாயில் ஏற்படும் உராய்வையும் சேர்த்து, 150 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு எழுபது பங்கு திறனோடு இயங்கினால், 1,000 லிட்டருக்கு 0.58 யூனிட் ஆகும். அதே 1,000 லிட்டருக்கு ஒளி காட்ட, முன்னே சொன்ன சிறு கருவியில், 0.07 யூனிட்டுக்குக் குறைவாகவே ஆகிறது. அதாவது ஏற்றும் செலவில் எட்டில் ஒரு பங்கு.

இந்த ஒப்பீடு நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. பம்பு தேய்ந்து அதன் திறன் எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தால், 1,000 லிட்டருக்கு 0.23 யூனிட் கூடுதலாகச் செலவாகும். ஒளி காட்டும் செலவைப்போல் அது மூன்று மடங்குக்கு மேல். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் ஏற்றும் நிலையத்தில் இதனால் வீணாவது 2,300 யூனிட். குழாய்க் கசிவும் இத்தகையதே. நூறு குடம் ஏற்றி இருபது குடம் வழியில் ஒழுகிப் போனால், ஒழுகிய நீரோடு அதை ஏற்றிய மின்சாரமும் மண்ணில் போகிறது. எஞ்சிய எண்பது குடத்துக்கும் ஒளி காட்ட ஆகும் மின்சாரத்தைப்போல் அது இரு மடங்குக்கும் அதிகம்.

ஆகவே, ஒளி முறைக்கு மின்சாரம் செலவாகுமே என்று நகர சபைகளோ பஞ்சாயத்துகளோ தயங்குவதற்குக் காரணம் இல்லை. அந்த மின்சாரத்தைத் தேய்ந்த பம்பிலிருந்தும் ஒழுகும் குழாயிலிருந்தும் மீட்டுக்கொள்ளலாம். தெருக்குழாய் திருகியின் வாஷரை மாற்றுகிறவரும் மின்சாரத்தைச் சேமிக்கிறவரே.

ஒளியால் ஆகாத காரியங்கள்

ஒளியின் சிறப்பைச் சொன்ன நாம் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, கலங்கல் நீரில் ஒளி செல்லாது. ஒரு சென்டிமீட்டர் நீரைக் கடக்கையில் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தப்பிச் செல்லும் நீரில், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் 35 பங்கு இருக்கும். முதல் சென்டிமீட்டரில் எழுபது பங்கே தப்பும் நீரானால், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று பங்குகூட மிஞ்சாது. மண் துகளின் நிழலில் கிருமி பத்திரமாக ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலில் வடிகட்டி, பின்னரே ஒளி காட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒளி காவல் நிற்காது. விளக்கைக் கடந்தபின் நீரில் அதன் ஆற்றல் எதுவும் எஞ்சுவதில்லை. குளோரினோ நீரோடு கூடவே பயணம் செய்து காவல் புரிகிறது. குழாயில் நீர் வராத வேளைகளில் உள்ளே வெறுமை ஏற்பட்டு, விரிசல்களின் வழியே சாக்கடை நீர் உறிஞ்சப்படுவதுண்டு. பின்னர் வீட்டுத் தரைத்தொட்டியில் அந்நீர் நாட்கணக்கில் தங்குகிறது. இந்நிலையில், 55 கிலோமீட்டருக்கு அப்பால் தலைமை நிலையத்தில் ஒளி காட்டி, குளோரினை நிறுத்திவிட்டால் நம் குவளைக்கு வரும்போது அந்தத் தூய்மை நிலைத்திராது. நியூயார்க் நகரம் குளோரினை விடாததன் காரணம் இதுவே. நம் நாட்டுக் குடிநீர்த் தர விதிகளும் குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கின்றன. குளோரின் குழாயின் காவலன். ஒளியோ வீட்டு வாயிலில் நிற்கும் காவலன். நம் ஊர் நிலைமையில் ஒளிக்குரிய இடம் நீர் குவளையில் விழுவதற்கு முந்தைய கடைசி இடமே.

மூன்றாவது, நீரில் கரைந்துள்ள உப்பையோ, சாயத்தையோ, உலோகங்களையோ ஒளி நீக்காது. திருப்பூர்க்காரர்கள் இதனை மறக்கலாகாது.

திருப்பூரின் இருவகை நீர்

நொய்யல் கரையின் துயரக் கதை யாவரும் அறிந்தது. சாயக் கழிவு நீர் பல்லாண்டுகள் ஆற்றில் கலந்ததனால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது. பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவு நீர்த் தேக்கமாயிற்று. கரையோர விவசாயிகள் நீதிமன்றம் சென்று போராடினார்கள். 2011 ஜனவரியில், கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தும்வரை சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் மண்ணில் இறங்கிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியேறுவதில்லை.

ஆகவே இன்று நம் வட்டாரத்தில் இருவகை நீர் இருக்கிறது. ஒன்று பவானியிலிருந்து குழாயில் வரும் ஆற்று நீர். மலையில் பிறந்த அந்நீரில் பொதுவாக உப்புக் குறைவு. வழியில் கிருமி சேரும் அபாயம் உண்டு. இதற்குப் புற ஊதாக் கதிர் மிகவும் தகுந்தது. மற்றொன்று ஆழ்குழாய்க் கிணற்று நீர். இதில் உப்பே முதன்மையான குறை. இதற்கு ஒளி மட்டும் பயன்படாது.

உப்பை நீக்க ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டி வேண்டும். ஆனால் அவ்வியந்திரத்தைத் தேவையில்லாத இடத்தில் வைப்பதும் பிழையே. வீட்டு வடிகட்டிகள் பல, ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் நீரைச் சாக்கடையில் விடுகின்றன. பவானியிலிருந்து மின்சாரம் செலவிட்டு ஏற்றிக் கொண்டுவந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கை இப்படிக் கொட்டினால், கிடைக்கும் 1,000 லிட்டருக்கு ஏற்றும் செலவே 1.7 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். வடிகட்டியின் பம்பு ஓடும் செலவு வேறு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான உப்புள்ள நீருக்கு இத்தகைய வடிகட்டிகளைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைப் பணித்தது இவ்வீண் செலவைக் கருதியே. குடிநீருக்கு ஏற்கத்தக்க உப்பளவாக நம் நாட்டுத் தர விதிகள் கூறுவதும் அதே 500 மில்லிகிராம்தான். வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 2,000 வரை அனுமதி உண்டு.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

இயந்திரம் வாங்கத் தீர்மானிக்கும் நிர்வாகக் குழுக்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்வது நலம்.

1. முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்கக் குடிநீர்ப் பரிசோதனைச் சாலையில் கொடுத்து உப்பு, கலங்கல், கிருமி ஆகியவற்றின் அளவை எழுத்து மூலம் பெற்று, தீர்மானத்தோடு இணைக்கலாம். 100 மில்லி லிட்டர் நீரில் மலத்தொடர்புள்ள கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்பது விதி. பரிசோதனை அறிக்கையைக் காணும் முன் விலைப்புள்ளி கேட்க வேண்டாம்.

2. உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்து கிருமி மட்டும் காணப்படுமானால், வடிகட்டியோடு கூடிய புற ஊதா இயந்திரம் போதும். உப்பு மிகுந்திருந்தால், குடிப்பதற்கு மட்டுமாவது ஆற்று நீர் இணைப்புப் பெற முயல வேண்டும். அது இயலாதபோதே சவ்வு வடிகட்டியைக் கருத வேண்டும். அது தள்ளும் நீரைத் தரை கழுவப் பயன்படுத்தலாம்.

3. மின்சாரம் நின்றாலும் விளக்கு அணைந்தாலும் நீரோட்டம் தானே நிற்கும் அமைப்பு இயந்திரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல், விளக்கு எரியாத வேளையில் வந்த நீரையும் தூய நீர் என்று நம்பிக் குடிப்பார்கள்.

4. விளக்கின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம். அதன் பின்னும் நீல வெளிச்சம் தெரிந்துகொண்டிருக்கும். ஆனால் கிருமியை வெல்லும் கண்ணுக்குத் தெரியாத ஒளி குன்றியிருக்கும். வெளிச்சம் தெரிகிறதே என்று மாற்றாமல் இருப்பது ஆபத்து. விளக்கு எரிந்த மணிகளை ஒரு சிறு புத்தகத்தில் குறித்து, மாதந்தோறும் காரியதரிசி கையொப்பமிட வேண்டும். நாம் தணிக்கைக்கு வரும்போது மற்றப் பதிவேடுகளோடு இதனையும் கேட்போம்.

5. விளக்கை அடிக்கடி ஏற்றி அணைத்தால் ஆயுள் குறையும். நீர் பிடிப்பார் இல்லாதபோது எரிய விட்டால் மின்சாரம் வீண். காலையிலும் மாலையிலும் நேரம் குறித்து, தொடர்ந்து எரிய விட்டு அங்கத்தினர்களுக்கு நீர் வழங்குவது இரண்டுக்கும் ஏற்ற வழி. விளக்கு நீரினுள் இருக்கும் வகையானால், அதன் மேலுறையில் சுண்ணாம்பு படியாமல் குறித்த காலத்தில் துடைக்க வேண்டும்.

6. ஒளி பெற்ற நீரை மூடியுள்ள தூய பாத்திரத்தில் பிடித்து, அன்றன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். போதிய அளவு ஒளி படாத சில கிருமிகள் வெளிச்சத்தில் தம் பழுதைத் தாமே நீக்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ளவை. கைபட்ட குவளையை உள்ளே முக்குவதும் செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

7. எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. பழைய விளக்கில் பாதரசம் இருப்பதனால் அதைக் குப்பையில் எறியாமல், விற்ற நிறுவனத்திடமே திருப்பித் தரவேண்டும். இதனை வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஆண்டுப் பராமரிப்புச் செலவில் மின்சாரக் கட்டணம் மிகச் சிறிய இனம். விளக்கையும் வடிகட்டிக் கட்டையையும் மாற்றும் செலவே பெரியது என்பதையும் நிர்வாகக் குழுவினர் உணர்ந்திருக்க வேண்டும். இயந்திரத்துக்கு மட்டும் நிதி ஒதுக்கி, பராமரிப்புக்கு ஒதுக்காத தீர்மானம் பாவுக்கு நூல் வாங்கி ஊடைக்கு வாங்க மறந்தது போன்றது. குடும்பத்துக்கு இத்தனை குடம் என்று சிறு கட்டணம் வசூலித்து அத்தொகையைத் தனிக் கணக்கில் வைத்துவந்தால், விளக்கு மாற்றும் நாளில் பொது நல நிதியின் கதவைத் தட்ட வேண்டியிராது.

தனித்தனியே ஒவ்வொரு வீட்டிலும் இயந்திரம் வாங்கி, தனித்தனியே விளக்கு மாற்றி, தனித்தனியே பழுது பார்ப்பது ஏழை நெசவாளருக்கு இயலாத காரியம். நூற்றைம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு விளக்கை எரிய வைத்தால், நாளொன்றுக்கு அரை யூனிட் மின்சாரத்தில் அத்தனை வீடுகளின் குவளையும் நலம் பெறும். நூலை மொத்தமாக வாங்கவும் துணியை ஒன்றாக விற்கவும் கற்றுக்கொண்ட நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய பாடமாகாது. அடுத்த பொதுக் குழுக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் குடிநீரில் ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, அந்த அறிக்கையைக் கூட்டத்தில் படித்துக் காட்டுமானால், செய்ய வேண்டியது என்ன என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும்.